ஸீன் போட 380 யூரோ எதற்கு?

கேள்வி: டப்ளினில் இருக்கிறேன். நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து 24 பக்கத்தில் ஒரு ஸீன் (நாங்களே எழுதி, வரைந்து, மடித்துப் போடும் சிறு இதழ்) தயாரித்திருக்கிறோம். வாடகை அறை தேடி அலைந்த கதைகள், கோட்டோவியங்கள், முன்பணத்தைத் திருப்பித் தராத பழைய வீட்டுக்காரர் ஒருவரைப் பற்றி, பெயர், தெரு, பச்சைக் கதவு எல்லாம் போட்டு ஒரு கட்டுரை, இவ்வளவுதான். 120 பிரதி எடுத்து, ஸீன் சந்தையிலும் ஒன்றிரண்டு கடைகளிலும் 4 யூரோவுக்கு விற்க ஆசை. முடிந்தால் தொடர்ந்து கொண்டுவரவும் எண்ணம். 'பதிப்பு ஆலோசகர்' ஒருவர் ஐஎஸ்பிஎன், பார்கோடு, பதிப்புரிமைப் பதிவு, பெயர்ப் பதிவு எல்லாம் சேர்த்து 380 யூரோ கேட்கிறார். இவை இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம் என்கிறார். உண்மையா?

பதில்: உண்மை இல்லை. பணத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

அவர் விற்கும் நான்கில் பெரிய புளுகு 'பதிப்புரிமைப் பதிவு'. அயர்லாந்தில் அப்படி ஒரு பதிவேடே கிடையாது. நீங்கள் எழுதிய, வரைந்த கணத்திலேயே உரிமை உங்களுடையது. 2000ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை அது நிற்கும். இல்லாத பதிவேட்டில் பெயர் சேர்க்கக் காசு வாங்குபவர்கள் பதிலுக்கு என்ன தருவார்கள் தெரியுமா? பொன்னிற ஓரம் வைத்த ஒரு சான்றிதழ். ஒரு சந்தையில் அதைக் கண்ணாடி போட்டு மேசைமேல் நிறுத்தி வைத்திருந்த பையனைப் பார்த்தேன். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தது ஐஎஸ்பிஎன். அது கடைகளும் மொத்த வியாபாரிகளும் புத்தகத்தை அடையாளம் காண வைத்திருக்கும் 13 இலக்க எண். அனுமதிச் சீட்டு அல்ல. அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் அதைக் கொடுப்பது நீல்சன் நிறுவனம். ஒற்றை எண்ணாக வாங்கினால் விலை கடிக்கும். பத்தாக வாங்கினால் ஒற்றை எண்ணின் விலையில் இரண்டு மடங்குகூட வராது. கணக்குப் புரிகிறதா? பத்தாக வாங்கிச் சில்லறையாக விற்பதுதான் இந்த ஆலோசகர்களின் தொழில். அதைவிட மோசம், எண் யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவர்தான் ஏட்டில் பதிப்பாளர். உங்கள் ஸீனுக்கு அவர் பதிப்பாளர் ஆகிவிடுவார். பெரிய சங்கிலிக் கடைகள் எண் இல்லாமல் எதையும் எடுக்காது, சரி. ஆனால் 120 பிரதியை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்யப்போகிறீர்கள்? ஸீன் எடுக்கும் சிறிய கடைகள் பின்னட்டையில் விலையும் தொடர்பு முகவரியும் இருக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். பார்கோடு என்பது அந்த எண்ணைக் கோடுகளாக வரைந்த படம். எண்ணே வேண்டாம் என்னும்போது படம் எதற்கு?

பெயர்ப் பதிவில் மட்டும் ஒரு துளி உண்மை உண்டு. சொந்தப் பெயர் அல்லாத பெயரில் வியாபாரம் செய்தால் கம்பெனிப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இணையத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் 20 யூரோ. பதிந்ததால் பெயர் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது என்பதையும் ஆலோசகர் சொல்லியிருக்க மாட்டார். பெயரை யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்தால், பெல்ஃபாஸ்டில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 'ஆல்டர்நேட்டிவ் அல்ஸ்டர்' என்று ஒரு பங்க் ஸீன் இருந்தது. ஸீன்காரர் தன் ஸீனுக்கு ஒரு பாட்டுத் தரச்சொல்லிக் கேட்கப்போய், ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் என்ற இசைக்குழு அதே பெயரில் ஒரு பாட்டு எழுதி 1978இல் வெளியிட்டது. ஸீனைக் கண்ணால் பார்க்காதவர்களும் இன்று அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்றால் அந்தப் பாட்டால்தான்.

தொடர்ந்து கொண்டுவரும் எண்ணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆலோசகர்கள் இதை வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் இதில் காசு இல்லை. அதன் பெயர் ஐஎஸ்எஸ்என், 8 இலக்க எண். அயர்லாந்தில் அதைக் கொடுப்பது தேசிய நூலகம், இலவசமாக. ஐஎஸ்பிஎன் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனி. ஐஎஸ்எஸ்என் அப்படி இல்லை, இதழின் தலைப்புக்குத்தான் எண். பத்து இதழ் வந்தாலும் அதே எண்தான். ஆனால் தலைப்பை மாற்றினால் எண்ணும் போய்விடும். முதல் இதழ் 'அறை', இரண்டாவது 'அறையும் சாவியும்' என்று போட்டால் புது எண் கேட்க வேண்டும். அட்டையில் இதழ் எண் தெளிவாக இருக்கட்டும். ஒரே ஒரு தடவை வந்து நிற்கப்போகும் ஸீனுக்கு இதைக் கேட்காதீர்கள், அது தொடர் அல்ல. படிவத்தில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைக்கும்போது வரும் என்பதுதான் உண்மையான பதில், ஆனால் அதற்குக் கட்டம் கிடையாது. 'ஒழுங்கற்ற இடைவெளி' என்று எழுதுங்கள், ஏற்றுக்கொள்வார்கள்.

சட்டம் உங்களிடம் நிஜமாகவே கேட்பது வேறு ஒன்றை. அது ஆலோசகரின் பட்டியலிலேயே இல்லை. அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 198ஆம் பிரிவில் 'புத்தகம்' என்பதற்குள் துண்டுப் பிரசுரமும் அடக்கம். அதனால் உங்கள் ஸீனையும் வெளியிட்டு ஒரு மாதத்துக்குள், உங்கள் செலவில், நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும்: தேசிய நூலகத்துக்கு ஒன்று, டிரினிட்டி கல்லூரிக்கு ஒன்று, லிமரிக் பல்கலைக்கு ஒன்று, டப்ளின் சிட்டி பல்கலைக்கு ஒன்று, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கு ஒன்று, தேசியப் பல்கலைக்கு நான்கு. மொத்தம் ஒன்பது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், ஸ்காட்லாந்து, வேல்ஸ் நூலகங்கள் எழுதிக் கேட்டால் இன்னும் நான்கு. ராத்திரி இரண்டு மணிவரை சமையலறை மேசையில் மடித்து, பின் அடித்து முடித்த 120இல் 13 போய்விடும். சட்டம் எழுதியவர்கள் 'பதிப்பாளர்' என்றதும் கிடங்கும் வேனும் வைத்திருக்கும் ஆளைத்தான் நினைத்தார்கள் போலிருக்கிறது.

ஆனாலும் கில்டேர் தெருவுக்கு, தேசிய நூலகத்துக்கு, முதல் பிரதியைக் கையோடு கொண்டுபோங்கள். என் முதல் ஸீனை வாங்கிக்கொண்ட நூலகர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது எப்போது என்று கேட்டார். அதுவரை என் வீட்டில்கூட யாரும் அதைக் கேட்டதில்லை. அங்கிருந்து டிரினிட்டி நடை தூரம். கையில் மிச்சம் இருந்தால் 'ஃபர்காட்டன் ஸீன் ஆர்க்கைவ்'க்கும் ஒன்று ஒதுக்குங்கள். சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். 2004இலிருந்து டப்ளினில் ஸீன்களுக்கென்றே சேர்த்துவரும் தொகுப்பு அது.

இனி நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப்போன வீட்டுக்காரர் கட்டுரை. முதலில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். 2009ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் 'வெளியிடுதல்' என்பதற்கு அவரைத் தவிர இன்னும் ஒரே ஒருவர் படித்திருந்தால் போதும். 120 பிரதிதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்பது எடுபடாது. எழுதியது உண்மை என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். முன்பணத்தைத் திருப்பித் தராதது உண்மையாகவே இருக்கலாம். அவர் சொன்னதாக நீங்கள் எழுதியதற்குச் சாட்சி இருக்கிறதா? பெயரை எடுங்கள். தெருப் பெயரையும் எடுங்கள். அந்தப் பச்சைக் கதவையும் எடுங்கள், தெரிந்தவர்களுக்கு அது போதும். வீட்டுக்காரர் தப்பித்துவிடுகிறாரே என்று எரிச்சல் வரும். எனக்கும்தான் வருகிறது. ஆனால் இந்த நாட்டில் அவதூறு வழக்குக்கு வக்கீல் வைக்கும் செலவில் நீங்கள் ஆயுள் முழுக்க ஸீன் போடலாம்.

கடையில் வைக்கும்போது 'விற்றால் காசு, இல்லாவிட்டால் சரக்கு' என்ற முறைதான் வழக்கம். 40 சதவீதம் கேட்பது சாதாரணம், 4 யூரோவில் 1.60 போய்விடும். எத்தனை பிரதி கொடுத்தீர்கள் என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள். நான் வாங்காமல் வந்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால் கடையில் வேறு ஆள். என் 12 பிரதியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தபாலில் விற்பதென்றால், பெல்ஃபாஸ்டுக்கு உறையில் போட்டு அனுப்பினால் போதும். லண்டனுக்கு என்றால் 2021 ஜனவரியிலிருந்து சுங்கப் படிவம் ஒட்ட வேண்டும், 4 யூரோ காகிதத்துக்கும்.

500 பிரதி அடித்தால் ஒன்றுக்கு விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். குறையும்தான். மிச்சம் 380 பிரதி உங்கள் கட்டிலுக்கடியில் இருக்கும். இந்த ஊரின் புகழ்பெற்ற அச்சுத்தாளே நெருக்கடியில் அடித்ததுதான். 1916 எழுச்சியில் அயர்லாந்தைக் குடியரசாக அறிவித்த பிரகடனம் அது. அதை அடித்த லிபர்ட்டி ஹால் என்ற தொழிற்சங்கக் கட்டடத்தில் அச்செழுத்து போதவில்லை. மேல் பாதியை அடித்துவிட்டு, எழுத்தைப் பிரித்துக் கீழ்ப் பாதியைக் கோத்தார்கள். நகலைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கில 'ஈ' எழுத்துகள் ஒன்றோடொன்று பொருந்தாது, இரவல் எழுத்து கலந்திருக்கிறது.

உங்களுக்கு 24 பக்கம் என்றால் பிரதிக்கு நடுவில் மடித்த ஏ4 தாள் ஆறு, எல்லாவற்றுக்கும் 720. முதலில் ஒன்றை மட்டும் மடித்து, ஓரத்தில் பக்க எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொண்டு அச்சகத்துக்குப் போங்கள். சாதாரண ஸ்டேப்ளர் மடிப்புவரை எட்டாது. நீளக் கை ஸ்டேப்ளர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், இல்லையென்றால் ஊசி நூலால் மூன்று துளை தையல் போடுங்கள். அந்த 380 யூரோவை எடுத்து ஸ்டேப்ளர் வாங்கினால்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை.