ஏறியது மதிப்பெண்ணா, தேர்ச்சிக் கோட்டைத் தாண்டியவர்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக் கணிதத் தேர்ச்சி 2023-இல் 58 விழுக்காடு, 2024-இல் 67. ஆசிரியர்களின் உழைப்பு என்கிறார்கள் பாதிப் பெற்றோர். வெறும் தேர்வுப் பயிற்சி என்கிறார்கள் மீதிப்பேர். வாட்ஸப் குழுவில் தினமும் இதே சண்டை. யார் சொல்வது சரி?

கே.

அன்புள்ள கே.,

வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று இரு தரப்பும் கேட்கவில்லை போலிருக்கிறது. 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். 35 பேர் தேறினால் 58 விழுக்காடு, 40 பேர் என்றால் 67. சண்டை நடப்பது ஐந்து குழந்தைகளுக்காக! அதுவும் வேறு குழந்தைகள். 2023-இல் எழுதியவர்கள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். 60 பேர் அளவுள்ள வகுப்பில், கற்பித்தல் துளியும் மாறாவிட்டாலும், ஆண்டுக்கு ஆண்டு ஒன்பது புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம்.

அடுத்தது தேர்ச்சிக் கோடு. நீங்கள் சொல்லும் இரண்டு ஆண்டுகளிலும் உங்கள் மாநிலத்தின் என்.ஜே.எஸ்.எல்.ஏ. தேர்வில் அளவுகோல் 650 முதல் 850 வரை. 750-ஐத் தொட்டால் தேர்ச்சி. 748-இல் நிற்கும் குழந்தையை 751-க்குத் தள்ளிவிட்டால் விழுக்காடு கூடும். 690-இல் இருப்பவனை 720-க்குக் கொண்டுவர ஆசிரியர் ஓராண்டு மாடாய் உழைத்தாலும் விழுக்காடு அசையாது. கோட்டோரப் பிள்ளைகளுக்கு மட்டும் தனி வகுப்பு வைக்கும் ஆசை பள்ளிகளுக்கு வருவது இதனால்தான். கோடே நகர்வதும் உண்டு. 2010-இல் நியூயார்க் மாநிலம் தேர்ச்சிக் கோட்டை உயர்த்தியபோது, நியூயார்க் நகரின் கணிதத் தேர்ச்சி 82 விழுக்காட்டிலிருந்து 54-க்கு விழுந்தது. ஓராண்டில் நகரமே கணக்கை மறந்துவிட்டதா என்ன?

பயிற்சி என்று சொல்பவர்கள் பக்கமும் வலுவான சான்று உண்டு. கல்வித் தேர்வுகளை ஆராயும் டேனியல் கோரெட்ஸ் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு மாவட்டத்தில் தேர்வுத்தாளை மாற்றியதும் மூன்றாம் வகுப்புக் கணித மதிப்பெண் சரிந்தது; சில ஆண்டுகளில் மீண்டும் ஏறியது. ஆனால் ஏறிய பிறகு பழைய தேர்வைச் சில வகுப்புகளுக்குக் கொடுத்தபோது மதிப்பெண் கீழேதான் இருந்தது. கூடியது கணக்கறிவல்ல, அந்தத் தாளின் பழக்கம். பரப்பளவுக் கேள்வி எப்போதும் நீள அகலம் குறித்த செவ்வகமாகவே வந்தால், பிள்ளைகள் இரண்டு எண்ணைப் பெருக்கக் கற்றுக்கொள்வார்கள். அதே பிள்ளையிடம் ‘ட’ வடிவ அறையைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு செவ்வகமாகப் பிரிக்கத் தோன்றாமல், கண்ணில் பட்ட எண்களையெல்லாம் பெருக்கினால் விஷயம் வெளிச்சம்.

அதற்காக 67-ஐத் தூக்கி எறிய வேண்டாம். பள்ளியிடம் தேர்வெழுதியோர் எண்ணிக்கையும் சராசரி அளவுகோல் மதிப்பெண்ணும் கேளுங்கள். சராசரி எல்லோருடைய நகர்வையும் காட்டும்; கோட்டோர வித்தை அங்கே அவ்வளவாகப் பலிக்காது. சிறிய வகுப்பென்றால் மூன்றாண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், நான்காம் வகுப்பிலிருந்து மாநில அறிக்கையில் வரும் மாணவர் வளர்ச்சிச் சதமானம். முந்தைய தேர்வுகளில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளோடு உங்கள் பிள்ளையை ஒப்பிடும் கணக்கு அது. அப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேரை முந்தினாள் என்று சொல்லும்; 50 என்றால் நடுமட்டம். பள்ளியின் இடைநிலைச் சதமானம், அதாவது எல்லாப் பிள்ளைகளின் சதமானங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, இரண்டு மூன்று ஆண்டுகள் 60-ஐ ஒட்டி நின்றால், ஆசிரியர்களுக்கு மாலை போடலாம்.

மகளின் மதிப்பெண் தாளில் மூன்றாம் வகுப்பில் 750, நான்காம் வகுப்பிலும் 750 என்றிருந்தால் பதற வேண்டாம். ஒவ்வொரு வகுப்புக்கும் 750 என்பது அந்தந்த வகுப்பின் கோடு. கடினமான பாடத்திலும் அவள் அதே இடத்தைப் பிடித்திருக்கிறாள்.