கசாக் மண்பாண்டத்தின் நீலமும் கொம்புக் கோலமும்

கேள்வி: கசகஸ்தான் நாட்டு மண் தட்டு ஒன்றின் படத்தைப் பார்த்தேன். வேலூர் மாவட்டத்து நம் கரிகிரி மண்சாடிகளைப் போலவே நீலப்பச்சை மெருகும் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு), நடுவில் சுருண்ட கொம்பு போன்ற கோலமும் இருந்தன. அந்த நிறத்துக்கும் கோலத்துக்கும் பொருள் உண்டா? — வாசகி, காட்பாடி

பதில்: உண்டு. ஆனால் அந்தப் பொருள்கள் பெரும்பாலும் மண்பாண்டத்தில் வளர்ந்தவை அல்ல. மந்தையோடு இடம்பெயர்ந்து வாழ்ந்த கசாக் மக்களுக்கு, எளிதில் உடையும் பானை அதிகம் பயன்படவில்லை. அவர்களுடைய குதிரைப்பால் தோல்பையில் புளித்தது, மரக்கிண்ணத்தில் பரிமாறப்பட்டது. கோலம் செழித்த இடம் கூடாரத்தின் கம்பளம். ஆட்டு உரோமத்தை அழுத்திச் செய்யும் ‘சிர்மாக்’ கம்பளத்தில், இரு நிறத் துண்டுகளை ஒன்றாக வைத்து வெட்டி, ஒன்றில் வெட்டியெடுத்த வடிவத்தை மற்றதன் வெற்றிடத்தில் பொருத்தித் தைப்பதால், எது கோலம், எது தரை என்று பிரித்துச் சொல்லவே இயலாது.

நீங்கள் கண்ட சுருள் ‘கொஷ்கார் மூயிஸ்’, அதாவது ஆட்டுக்கடாவின் கொம்பு. மந்தையே சொத்தாக இருந்தவர்களிடம் அது வளத்தைக் குறித்ததில் வியப்பில்லை. 1992இல் ஏற்கப்பட்ட கசகஸ்தான் கொடியில், வானநீலத் துணியின் கம்பத்தோரமாகப் பொன்னிறத்தில் ஓடுவதும் இதே கொம்புக் கோலம்தான். பறவைச் சிறகு, ஒட்டகத்தின் பாதம் ஆகியவற்றின் பெயரிலும் கோலங்கள் உண்டு.

நிறங்களைப் பொறுத்தவரை, நீலம் வானம், வெள்ளை உண்மையும் மகிழ்ச்சியும், சிவப்பு நெருப்பு, பச்சை இளமை, மஞ்சள் அறிவு, கறுப்பு நிலம் என்று ஒரு பட்டியல் வழக்கமாகத் தரப்படுகிறது. அதை அப்படியே பானையின்மேல் ஒட்டிப் படிக்க எனக்குத் தயக்கம் உண்டு. கசகஸ்தானின் தெற்கே, ஒத்ரார் போன்ற சிர் தாரியா நதிக்கரைப் பழைய நகரங்களில் மெருகிட்ட பாண்டம் செய்த குயவர்களுக்கு, நிறம் முதலில் கனிமத்தையும் சூளையையும் பொறுத்த செய்தி. செம்பு, காரத்தன்மையுள்ள மெருகில் நீலப்பச்சையாகும். ஈய மெருகில் அதே செம்பு பச்சையாகும். கோபால்ட் அடர்நீலத்தையும், மாங்கனீசு பழுப்பையும் ஊதாவையும் தரும். கசகஸ்தானின் துர்கிஸ்தான் நகரில், மத்திய ஆசியப் பேரரசர் தைமூரின் ஆணைப்படி 1389இல் தொடங்கி, 1405இல் அவர் இறந்ததும் பணி நின்றுபோன சூஃபி ஞானி கோஜா அகமது யாசவியின் அடக்கத்தலத்திலும், நீலப்பச்சை ஓடுகளே கூரைக்கவிகையை மூடியிருக்கின்றன. அந்த நீலத்தில் வானத்தைக் கண்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் இதே நிறம் சமர்கந்திலும் ஈரானிலும் பரவியிருந்ததால், கசாக் மக்களின் தனிச்சொத்தாக அதைக் கருத முடியாது.

கேள்வி: அப்படியானால், கரிகிரிக்கும் கசகஸ்தான் குயவர்களுக்கும் பழைய தொடர்பு ஏதேனும் உண்டா? — வாசகர், குடியாத்தம்

பதில்: நிறம் ஒத்திருப்பது மட்டும் தொடர்புக்குச் சான்றாகாது.

கேள்வி: அங்கே கிடைத்த மிகப் பழைய பானைகளிலும் இந்தக் கொம்புக் கோலம் உள்ளதா? — மாணவர், வேலூர்

பதில்: கசகஸ்தான் புல்வெளிகளில் பரவியிருந்த, வெண்கலக் காலத்து அந்திரோனோவோ பண்பாட்டுப் பானைகளில் மெருகோ வண்ணமோ கிடையாது. ஈரக் களிமண்ணில் சீப்புப் போன்ற பல்முத்திரையை அழுத்தியும் கீறியும் முக்கோணம், நெளிகோடு, மடங்குகோடு ஆகியவற்றைப் பதித்திருக்கிறார்கள். நெளிகோடு நீர், முக்கோணம் மலை என்றெல்லாம் எழுதுவோர் உண்டு. ஆனால் அந்தக் குயவர்கள் எழுத்தில் எதையும் விட்டுச்செல்லாததால், அவற்றை நம் காலத்து ஊகங்களாக மட்டுமே கொள்ள வேண்டும். அவற்றுக்கும் பிற்காலக் கம்பளக் கோலங்களுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருப்பதையும் மறக்கக் கூடாது.