எம்.பி.டி.: ஆர்த்தோவா, கார்டியோவா?

பிசியோதெரபி இளநிலைப் படிப்பான பி.பி.டி.யின் பயிற்சிக் காலத்தில் ஐ.சி.யூ. வேலைதான் பிடித்தது, முதுநிலையான எம்.பி.டி.க்கு வீட்டிலோ "ஆர்த்தோ (எலும்பு, மூட்டுப் பிரிவு) எடு, கிளினிக் வைக்கலாம்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூட்டுவலிக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவரின் சளியை வெளியேற்றி, மெல்லக் கட்டில் ஓரத்தில் உட்காரவைப்பதில்தான் உங்கள் மனம் நிற்கிறது என்றால், இதயம், நுரையீரல் சார்ந்த கார்டியோ-ரெஸ்பிரேட்டரியே எடுங்கள். பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளை நம்பித்தான் பிழைப்பு, அதற்குத் தயாராக இருங்கள்.

அதைவிட முக்கியம் கல்லூரி. இதய அறுவைப் பிரிவுள்ள மருத்துவமனை கைவசம் இல்லாத இடத்தில் இரண்டு ஆண்டுகள் படித்தால் பாடநூல்தான் மிஞ்சும். சேருமுன் அங்கே இறுதியாண்டு படிப்பவரிடம், வாரத்தில் எத்தனை நாள் ஐ.சி.யூ.வுக்குள் விடுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு கல்லூரி பாருங்கள்.