தரவேண்டியதைத் தரச் சொல்வதும் வழக்கறிஞர் வேலைதான்

மதிப்பிற்குரிய ஐயா,

கட்டுமான ஒப்பந்தத் தகராறுகளை நடத்தும் ஒரு தனியார் சட்ட அலுவலகத்தில் இளநிலை வழக்கறிஞராக இருக்கிறேன். எங்கள் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் ஒப்பந்ததாரர்கள். இப்போது ஒரு பொதுப் போக்குவரத்து ஆணையத்தின் சட்டப் பிரிவில் சேர அழைப்பு வந்திருக்கிறது. ரயில் பாதைகள், பாலங்கள், பேருந்து முனையங்கள் ஆகியவற்றின் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் பொறுப்பு. அங்கே போனால் கோப்பில் கையெழுத்திடுவதும் வாய்தா வாங்குவதும்தான் மிஞ்சும் என்கிறார் என் மூத்த வழக்கறிஞர். அரசுத் தரப்பில் பல காலம் பணியாற்றியவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். அந்த வேலை உண்மையில் என்ன? அரசு செய்ததெல்லாம் சரி என்றே எப்போதும் வாதாட வேண்டியிருக்குமா? நான் முடிவெடுக்கும்வரை என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதிலேயே இருக்கிறது. அரசு செய்ததெல்லாம் சரி என்று எப்போதும் வாதாடுகிறவர் அந்த வேலையைச் செய்யவில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு திட்டத்தில் அரசு தரவேண்டியது எது, தரத் தேவையில்லாதது எது என்று பிரித்துச் சொல்வதும், தரவேண்டியதை உரிய காலத்தில் தரும்படி அலுவலர்களை ஒப்புக்கொள்ள வைப்பதும், தரத் தேவையில்லாததை எவ்வளவு அழுத்தம் வந்தாலும் மறுப்பதும்தான் அங்கே வழக்கறிஞரின் பணி. ஆஸ்திரேலிய ஒன்றிய அரசு இதைத் தன் வழக்குகளுக்கான கட்டாய விதியாகவே எழுதிவைத்திருக்கிறது: நியாயமான கோரிக்கைகளைத் தாமதமின்றித் தீர்க்க வேண்டும், உண்மை என்று தனக்கே தெரிந்த ஒன்றை எதிர்த்தரப்பு நிரூபிக்கட்டும் என்று விடக் கூடாது, எதிர்த்தரப்பிடம் வழக்கு நடத்தப் போதிய பணம் இல்லாததைத் தனக்கு ஆதாயமாக்கிக்கொள்ளக் கூடாது.

இது வெறும் அறம் சார்ந்த பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். பொதுக் கட்டுமானங்களில் தாமதத்துக்கான காரணங்கள் பல நேரங்களில் அரசின் கையில்தான் இருக்கின்றன. நிலத்தை ஒப்படைப்பது, மண்ணுக்கடியில் செல்லும் குடிநீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் இடம் மாற்றுவது, வரைபடங்களுக்கு ஒப்புதல் தருவது, பிற துறைகளின் அனுமதியைப் பெறுவது ஆகிய அனைத்தும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அரசின் பொறுப்புகள். இவற்றில் ஒன்று பிசகினாலும் ஒப்பந்ததாரருக்குக் கால நீட்டிப்பும், பல வேளைகளில் கூடுதல் தொகையும் உரிமையாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு, நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர் முன் எவ்வளவு திறமையாக வாதாடினாலும் நடந்ததை மாற்ற முடியாது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரின் டிராம் திட்டத்தை இதற்காகவே நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். கட்டுமான ஒப்பந்தம் 2008இல் கையெழுத்தானது. விலை பெருமளவு நிலையானது என்ற எண்ணம் வெளியே இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் இணைப்பு அட்டவணை ஒன்றில், எந்தெந்த அனுமானங்களின் மேல் அந்த விலை நிற்கிறது என்று ஒரு பட்டியல் இருந்தது. அவற்றில் எது மாறினாலும் ஒப்பந்ததாரர் அறிவிப்புக் கொடுத்துக் கூடுதல் விலை கோரலாம். சில அனுமானங்கள் கையெழுத்திட்ட உடனேயே அப்படிப்பட்ட அறிவிப்புக்கு இடமளிக்கக்கூடும் என்பதை இரு தரப்பும் அந்த ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தன. முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டிய குழாய், கம்பி இடமாற்றப் பணிகளும் இழுத்துக்கொண்டே போயின. தகராறுகள் பெருகி, வேலை நின்று, 2011இல் சமரசப் பேச்சுக்குப் போய், 2014 மே மாதம் பாதை திறக்கப்பட்டபோது திட்டமிட்டிருந்த தடத்தின் ஒரு பகுதிதான் பயணிகளுக்குக் கிடைத்தது. நியூஹேவன் வரையிலான மிச்சம் 2023இல்தான் வந்தது. அதே ஆண்டில் வெளிவந்த பொது விசாரணை அறிக்கை, திட்டத்தை நடத்திய நகராட்சியின் நிறுவனத்தை முதன்மைப் பொறுப்பாளியாகக் கண்டது; நகராட்சியையும் ஸ்காட்லாந்து அரசையும் அது விட்டுவிடவில்லை.

என்னைப் பொறுத்தவரை அந்தத் திட்டத்தின் மிக முக்கியமான சட்டப் பணி, நடுவர்களிடம் போவதற்கு வெகு முன்னால், அந்த இணைப்பு அட்டவணையை ஒருவர் முழுவதும் படித்து, “இந்த விலை நிலையானது அல்ல” என்று முடிவெடுப்பவர்களுக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் சொல்லியிருக்க வேண்டிய பணிதான். பொது நிபந்தனைகளை எல்லோரும் படித்திருப்பார்கள். அவை பெரும்பாலும் பழகிய வாசகங்கள். பணம் எங்கே கசியும் என்பது இணைப்புகளில் இருக்கிறது.

எல்லா இடர்களையும் ஒப்பந்ததாரர் தலையில் கட்டி எழுதிவிட்டால் அரசு பாதுகாப்பாக இருக்கும் என்பார்கள். 1918இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்பியரின் என்ற ஒப்பந்ததாரரின் வழக்கில் அந்த நம்பிக்கையைத் தகர்த்துவிட்டது. புரூக்ளின் கடற்படைத் தளத்தில் உலர் கப்பல்துறை கட்டுவதற்காக, அரசு கொடுத்த வரைபடத்தின்படியே ஒப்பந்ததாரர் ஒரு கழிவுநீர்க் கால்வாயை இடம் மாற்றிக் கட்டினார். வரைபடத்தில் காட்டப்படாத ஓர் அணை அருகிலிருந்த கால்வாயில் இருந்ததால், பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தபோது புதிய கால்வாய் உடைந்தது. இடத்தைப் பார்வையிட்டு வரைபடங்களைச் சரிபார்ப்பது ஒப்பந்ததாரரின் கடமை என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தும், தான் தந்த வரைபடம் போதுமானது என்ற உறுதியை அரசே அளித்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதியது. வரைபடத்துக்குப் பொறுப்பேற்க மறுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்த அரசு, இழப்பீடும் தர வேண்டியதாயிற்று.

இனி, உங்கள் மூத்தவர் சொன்ன கோப்புகளைப் பற்றி. அந்தக் கோப்பில்தான் வழக்கே இருக்கிறது. பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட 1999ஆம் ஆண்டு மாதிரி ஒப்பந்தங்களின்படி, ஒப்பந்ததாரர் தன் கோரிக்கையை, காரணமான நிகழ்வை அறிந்த 28 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுப் பதிப்பு இதே காலக்கெடுவை அரசுத் தரப்பின் கோரிக்கைகளுக்கும் விதித்துவிட்டது. தளத்தில் இருக்கும் பொறியாளர் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டது பல ஆண்டுகள் கழித்து நடுவர் மன்றத்தில் பெரிய தொகையாக வந்து நிற்கும். டெல்லி விமான நிலைய மெட்ரோ வழக்கில், அரசுத் தரப்பு மெட்ரோ நிறுவனம் தனியார் நிறுவனத்துக்குப் பெருந்தொகை தர வேண்டும் என்று 2017இல் வந்த நடுவர் தீர்ப்பை 2021இல் உறுதிசெய்த இந்திய உச்ச நீதிமன்றம், 2024 ஏப்ரலில் சீராய்வுக்கும் பிந்தைய கடைசி மனுவில் அதே தீர்ப்பை ரத்து செய்தது. ரயிலை இயக்கலாம் என்று பாதுகாப்பு ஆணையர் அளித்த சான்றிதழை நடுவர்கள் உரியபடி கருத்தில் கொள்ளவில்லை என்பது அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. ஓர் ஆவணத்தின் எடை அவ்வளவு.

உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது எதிர்த்தரப்பு அல்ல, உங்கள் தரப்பு அலுவலர்களின் அச்சம். நியாயமான கோரிக்கை என்று தெரிந்தாலும், பணம் தர ஒப்புதல் அளித்தால் நாளை தணிக்கையில் கேள்வி வரும், லஞ்சம் என்று புகார் வரும் என்று நினைத்து, “நடுவர் தீர்ப்பு வரட்டும், அப்போது கொடுத்துக்கொள்வோம்” என்பார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, ஏனென்றால் தோற்றுப்போன வழக்குக்காக எவரும் தண்டிக்கப்படுவதில்லை, செய்துகொண்ட சமரசத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காத்திருப்பில் வட்டி ஏறுகிறது, சிறிய துணை ஒப்பந்ததாரர்கள் நொடித்துப்போகிறார்கள், அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் எல்லோரும் தாமதத்தையும் சேர்த்தே விலை குறிக்கிறார்கள். பாலத்தில் பயணம் செய்பவர்கள்தான் கடைசியில் அதைச் செலுத்துகிறார்கள். இங்கே காரணங்களோடும் கணக்கோடும் எழுதப்பட்ட உங்கள் சட்டக் கருத்து, நேர்மையான ஓர் அலுவலர் துணிந்து கையெழுத்திட உதவும். கோப்பில் கையெழுத்திடும் அந்த வேலையை நான் எந்த நீதிமன்ற வெற்றியையும்விட உயர்வாக மதிக்கிறேன்.

ஒப்பந்ததாரர்களுக்காக நீங்கள் வேலை செய்திருப்பது குறையல்ல. அவர்கள் கோரிக்கைகளை எப்படிக் கட்டுகிறார்கள், எதை ஊதிப் பெருக்குகிறார்கள், எதில் உண்மையிலேயே நொந்துபோயிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பணியில் சேரும் நாளிலேயே உங்கள் பழைய கட்சிக்காரர்களின் பட்டியலை எழுத்தில் கொடுத்து, அவர்கள் தொடர்பான கோப்புகளிலிருந்து விலகியிருங்கள்.

சேர்வதற்கு முன் ஆணையத்திடம் ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: சட்டப் பிரிவு ஒப்பந்தப்புள்ளி வெளியாவதற்கு முன்பே வரைவைப் பார்க்கிறதா, தகராறு வந்த பிறகுதான் அதற்குக் கோப்பு வருகிறதா? முன்பே பார்க்கிறது என்றால் தயங்காமல் சேருங்கள். பிறகுதான் வருகிறது என்றால், வரைவு நிலையிலேயே உங்களிடம் கோப்பு வர வேண்டும், பொறியாளர்களோடு தளத்துக்குப் போக அனுமதி வேண்டும் என்ற இரண்டையும் பணி ஏற்பதற்கு முன் கேளுங்கள். பதிலைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

அன்புடன்.