குட்டையில் மீன் ஏன் வாடுது? சேலம் பக்கத்துக் கேள்விகளுக்கு என் பதில்கள்

ஓமலூர் பக்கம் இரண்டு பண்ணைக்குட்டைகளில் பதினோரு வருடமாகக் கெண்டை வளர்க்கிறேன். தீவனம், நெருக்கம், மீனுக்கு வரும் ஸ்ட்ரெஸ் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

வாழப்பாடியிலிருந்து: அண்ணா, ஒரு ஏக்கர் குட்டைக்கு 8,000 குஞ்சு விடச் சொல்கிறார்கள். விடலாமா?

ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) இல்லை என்றால் வேண்டாம் தம்பி. கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை வகைகளையும் கலந்து ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 வரை விடுவதுதான் வழக்கம். 8,000 விட்டாலும் முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆளை ஏமாற்றும். ஒவ்வொன்றும் 50 கிராம் இருக்கும்போது குட்டையில் மொத்தம் 400 கிலோதான். அதே மீன் அரைக்கிலோ ஆனால் 4 டன். தண்ணீர் என்னவோ அதே தண்ணீர். அதனால் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், இன்றைக்குக் குட்டையில் எத்தனை கிலோ உயிர் இருக்கிறது, அதற்கு எத்தனை கிலோ தீவனம் போடுகிறேன் என்று பாருங்கள். நெருக்கமும் தீவனமும் இரண்டு தனி விஷயம் இல்லை. மீன் கூடினால் தீவனம் கூடும், தீவனம் கூடினால் கழிவு கூடும், கடைசியில் மீனுக்கு இடம் இல்லாமல் போவதைவிட மூச்சு இல்லாமல் போவதுதான் முதலில் நடக்கும்.

இளம்பிள்ளையிலிருந்து: மீனுக்கு ஸ்ட்ரெஸ் என்று உண்மையிலேயே ஒன்று உண்டா சார்? எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்டு. நமக்குச் சுரக்கும் அதே கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன்தான் மீனுக்கும் சுரக்கிறது, நமக்கு அட்ரினல் சுரப்பி என்றால் மீனுக்குத் தலைப்பக்கச் சிறுநீரகம். வலை போட்டு விடும்போது கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால் பரவாயில்லை. வாரக்கணக்கில் நீடித்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருக்கும், வளர்ச்சி நின்றுபோகும், எதிர்ப்புச் சக்தி குறையும். அப்புறம்தான் மீன் பேன், செந்நிறப் புண் எல்லாம் வந்து ஒட்டும். நாம் பேனுக்கு மருந்து தேடி ஓடுவோம், காரணம் அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கியிருக்கும். கண்ணால் பார்க்க வேண்டுமா, தீவனம் போடும் நேரத்தில் கரையில் நில்லுங்கள். வழக்கமாக ஓடி வருகிற மீன் தயங்கி வந்தால் அதுதான் முதல் அறிகுறி. நிறம் கறுப்பதும் ஒரு மூலையில் ஒதுங்குவதும் அதற்குப் பிறகு.

மேட்டூரிலிருந்து: தொட்டியில் ஜிலேபி மீன் (திலாப்பியா) வளர்க்கிறேன். நெருக்கமாக விட்டால் சண்டை குறையும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. கொஞ்சமாக விட்டால் பெரிய ஆண் மீன் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டிக்கொண்டே இருக்கும், விரட்டப்படுகிற மீன் தீவனம் இருந்தும் தின்னாது. கூட்டம் சேர்ந்தால் யாராலும் இடம் பிடிக்க முடியாது, சண்டை குறையும். ஆனால் அந்த லாபம் தண்ணீர் சுத்தமாக இருக்கும்வரைதான். பயோஃபிளாக் தொட்டி (காற்று ஊதிக்கொண்டே இருந்து, கழிவை நுண்ணுயிர்களை வைத்துச் சுத்தம் செய்யும் முறை) என்றால் மின்சாரம் போன கொஞ்ச நேரத்திலேயே ஆக்சிஜன் இறங்கிவிடும். மாற்று மின்சாரம் இல்லாமல் நெருக்கமாக விடாதீர்கள்.

ஆத்தூரிலிருந்து: சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரித் திப்பி, அதாவது மாவெடுத்த கிழங்குச் சக்கை, சும்மாவே கிடைக்கிறது. மீனுக்குப் போடலாமா?

நம் ஊரில் எல்லாருக்கும் வருகிற ஆசை இது. திப்பி முழுக்க மாவும் நாரும்தான், புரதம் மிகக் குறைவு. கெண்டைக்கு 25 முதல் 30 சதவீதம் புரதம் வேண்டும். திப்பியை மட்டும் கொட்டினால் தின்றது கொழுப்பாகும், தின்னாதது அடியில் புளித்து ஆக்சிஜனை உறிஞ்சும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தோலில் சயனைடும் உண்டு, அதனால் பச்சைத் தோல் பக்கமே போகாதீர்கள். தவிடும் கடலைப் புண்ணாக்கும் பாதிக்குப் பாதி கலந்து போடுவது பழைய முறை, இன்றும் நல்ல முறை. புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அந்த நச்சு நேராகக் கல்லீரலைத் தாக்கும்.

எடப்பாடியிலிருந்து: புரதம் அதிகம் இருக்கிற விலை கூடின தீவனம் போட்டால் மீன் தெம்பாக இருக்குமா?

தேவைக்கு மேல் கொடுத்த புரதம் அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீருக்கே திரும்பி வரும். தண்ணீர் பச்சையாக இருக்கிற குட்டையில் மத்தியானம் பி.எச். (காரத்தன்மை) ஏறும், அப்போது அதே அம்மோனியா நச்சாகும். காசு கொடுத்து நாமே நஞ்சு கலந்த மாதிரி ஆகிவிடும். புரதத்தைவிடத் தயாரித்த தேதியைப் பாருங்கள் என்பேன். பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யைத் தாமே உண்டாக்க முடியாது, தீவனத்தில்தான் வர வேண்டும், அதுவோ மூட்டை பழசாக ஆகக் குறைந்துகொண்டே போகும். ஒரு வருடம் மலிவாகக் கிடைத்தது என்று பழைய மூட்டைகளை வாங்கிப் போட்டேன், முதுகு வளைந்த மீன்களாக வலையில் வந்தன. இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஏற்காட்டிலிருந்து: காபித் தோட்டத்தில் ஒரு குட்டை இருக்கிறது. இங்கே குளிர்ந்த தண்ணீர், ஆக்சிஜன் அதிகம் இருக்கும், நிறைய விடலாம்தானே? டிரௌட் (குளிர்நீர் மீன்) வருமா?

குளிர்ந்த தண்ணீர் ஆக்சிஜனை அதிகம் பிடித்துவைக்கும், சரிதான். ஆனால் நீங்கள் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள், காற்றழுத்தம் குறைவு. கணக்குப் போட்டால் அங்கே 20 டிகிரித் தண்ணீர் பிடிப்பதும் கீழே சேலத்தில் 30 டிகிரித் தண்ணீர் பிடிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே, லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. அதனால் கூடுதலாக விடாதீர்கள். மார்கழி, தையில் கெண்டைக்குப் பசியே இருக்காது, கீழே சமவெளிக் கணக்கில் தீவனம் போட்டால் மிதந்து அழுகும். டிரௌட் ஏற்காட்டுக் கோடையைத் தாங்காது. காமன் கார்ப் என்கிற சாதா கெண்டை குளிரை நன்றாகத் தாங்கும், அதை விடுங்கள்.

காடையாம்பட்டியிலிருந்து: இரண்டு நாள் மூடாப்பு, மூன்றாம் நாள் விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தது. பாதி போய்விட்டது. தீவனம் குறைவில்லாமல்தான் போட்டேன்.

குறைவில்லாமல் போட்டதுதான் பிரச்சினை. எனக்கும் ஒரு ஐப்பசி மழையில் இதே நடந்தது, அதனால் உங்கள் வலி தெரியும். பகலில் வெயில் இருந்தால் பாசி ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரி அதுவும் சேர்ந்து மூச்சு விடும். வெயில் இல்லாத நாளில் வரவு இல்லை, செலவு மட்டும். சாப்பிட்ட மீன் செரிப்பதற்கு இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் நிம்மதி, 3-க்குக் கீழே போனால் திணறல், மிகக் குறைவது விடிவதற்கு முன். மூடாப்பு போட்டால் தீவனத்தைப் பாதியாக்குங்கள், இரண்டாம் நாள் நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் பட்டினியால் கெண்டை சாகாது. ராத்திரி 2 மணியிலிருந்து ஏரேட்டர், இல்லையென்றால் மோட்டாரை வைத்துக் குட்டைத் தண்ணீரையே மேலே பீய்ச்சி அடியுங்கள்.

சங்ககிரியிலிருந்து: ஸ்ட்ரெஸ் குறைக்கத் தீவனத்தில் ஏதாவது கலக்கலாமா?

டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் சேர்த்தால் சில மீன்களில் சண்டையும் கார்டிசாலும் குறைவதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். வைட்டமின் சி-யும் உதவும். நெரிசலை அப்படியே வைத்துக்கொண்டு பொட்டலம் கலக்குவது மட்டும் வீண்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து: ஏற்கெனவே அதிகமாக விட்டுவிட்டேன் தம்பி. இப்போது 400 கிராம் இருக்கு. என்ன செய்யட்டும்?

இந்த வாரமே பாதியைப் பிடித்து விற்றுவிடுங்கள் அக்கா. சின்ன மீன், விலை குறைவுதான், ஆனால் மிச்சம் இருப்பது வேகமாக எடை போடும். பிடிப்பதற்கு முதல் நாளே தீவனத்தை நிறுத்துங்கள், வயிறு காலியாக இருந்தால் பயணத்தில் தண்ணீர் கெடாது. உயிரோடு கொண்டுபோவதாக இருந்தால் லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் கல் உப்பு போடுங்கள். விடியும் முன் வலை இறக்காதீர்கள், வெயில் கொஞ்சம் ஏறட்டும், உச்சி வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். நாள் சொல்லுங்கள், நானும் வந்து வலை இழுக்கிறேன்.