ரயில் நேரத்துக்கு வந்தால் போதுமா?

கேள்வி: 99 சதவீதத்துக்கு மேல் நேரந்தவறாமை என்று மெட்ரோ நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனாலும் நடைமேடையில் கால் கடுக்க நிற்கிறோமே, ஏன்?

பதில்: எதைத் தாமதமாக எண்ணுகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். ஹாங்காங்கின் மெட்ரோ நிறுவனமான எம்.டி.ஆர். 5 நிமிடமும் அதற்கு மேலும் ஆனால்தான் கணக்கில் சேர்க்கிறது. லண்டன் மெட்ரோவான அண்டர்கிரவுண்டுக்கு 2 நிமிடத் தடங்கலே போதும். இவ்விரண்டின் சதவீதங்களை ஒப்பிடுவது வீண்வேலை.

உண்மையான சிக்கல் இடைவெளியில் இருக்கிறது. 4 நிமிடத்துக்கு ஒரு ரயில் சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 2 நிமிடம். அதே ரயில்கள் 2, 6, 2, 6 என்று வந்தால் 2.5 நிமிடம். காரணம், நால்வரில் மூவர் அந்த 6 நிமிட இடைவெளியில்தான் வந்து மாட்டுகிறார்கள். அவர்கள் மொத்தமாக ஏறுவதால் கதவு மூடத் தாமதமாகி, அந்த ரயில் மேலும் பின்தங்கும்; அடுத்தது காற்று வாங்கிக்கொண்டு வரும். 5 நிமிட வரம்பில் இதெல்லாம் சிக்கவே சிக்காது!

ரயிலை எண்ணாமல் ஆளை எண்ணுவதே நேர்மையான அளவை. லண்டனில் 'இழந்த பயணி மணிநேரம்' என்றொரு கணக்கு உண்டு: தடங்கல் நீடித்த நேரத்தோடு, அதில் சிக்கிய பயணிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். காலை நெரிசலில் 3 நிமிடம் நின்றால், நள்ளிரவில் 20 நிமிடம் நின்றதைவிடப் பெரிய இழப்பாகக்கூட ஆகலாம்.