நிலைக்கண்ணாடி வீட்டோடு சேர்த்தியா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் ஒரு பழைய வீடு வாங்கினோம். பார்க்கப் போனபோது கணப்படுப்புக்கு மேலே பெரிய நிலைக்கண்ணாடியும் அறைகளில் ரேடியேட்டர்களும் இருந்தன. நொத்தேரிடம் (வீடு, நிலப் பத்திரங்களை எழுதிப் பதியும் சட்ட அதிகாரி) கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கித் திறந்தால் எதுவும் இல்லை. "அதெல்லாம் என் சாமான், விற்றது வீட்டைத்தான்" என்கிறார் விற்றவர். கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 516ஆம் பிரிவு சொத்தை அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று இரண்டாகத்தான் பிரிக்கிறது. கழற்றித் தூக்க முடிந்ததெல்லாம் அசையும் சொத்து என்று விற்றவர் நினைக்கிறார். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வெந்நீர்க் குழாயோடு இணைந்த ரேடியேட்டர் கட்டடத்தின் பாகம். பிளக்கில் செருகும் மின்சார ஹீட்டர் என்றால் அவர் கொண்டு போகலாம்.

கண்ணாடிதான் சிக்கல். வீட்டுக்காரர் நிரந்தரமாக இருக்கட்டும் என்று வீட்டோடு பொருத்திய பொருளும் அசையாச் சொத்தாகிவிடும். சாந்து, சுண்ணாம்பு, சிமெண்ட் வைத்துப் பூசியது, உடைக்காமல் பெயர்க்க முடியாதது என்று 525ஆம் பிரிவு அடையாளம் சொல்கிறது. கண்ணாடியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: அதைத் தாங்கும் பலகை சுவரின் மரவேலைப்பாட்டோடு ஒன்றாக இருந்தால் அது வீட்டோடு சேர்த்தி. வெறும் ஆணியில் தொங்கியிருந்தால் அவருடையதே. இன்னொன்று, அதைப் பொருத்தியவர் வீட்டின் சொந்தக்காரராக இருக்க வேண்டும். வாடகைக்கு இருந்தவர் மாட்டியதற்கு இந்த விதி பொருந்தாது.

தாமதிக்காதீர்கள். தென் பிரான்ஸில் உள்ள கசெனோவ் தேவாலயத்தின் சுவரோவியங்களை 1954இல் சுவரிலிருந்து பெயர்த்து விற்றார்கள். பெயர்த்ததுமே அவை அசையும் சொத்தாகிவிட்டன என்று 1988இல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் கண்ணாடி ஒரு பழம்பொருள் வியாபாரி கைக்குப் போய், விவரம் தெரியாத யாராவது நல்லெண்ணத்தோடு வாங்கிவிட்டால், 2276ஆம் பிரிவு அப்படி வாங்கியவர் பக்கம் நிற்கும். அப்புறம் விற்றவரிடம் பணமாக இழப்பீடு கேட்பதுதான் வழி.

முதலில் முன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கண்ணாடியை எடுத்துக்கொள்வேன் என்று அதில் எழுதியிருந்தால் அதுவே செல்லும். அப்படி இல்லையென்றால் விற்பனை விளம்பரத்தின் படங்கள், நீங்கள் எடுத்த படங்கள், சுவரில் தெரியும் பெயர்த்த தடம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சுவரைப் பூசிவிட வேண்டாம், அதுதான் உங்கள் சாட்சி. விற்கும்போது இருந்த நிலையிலேயே, சேர்ந்த பொருட்களோடு வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று 1614, 1615ஆம் பிரிவுகள் சொல்கின்றன. அவற்றைக் குறிப்பிட்டு, விற்றவருக்கு ஒப்புகையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். நொத்தேருக்கும் ஒரு நகல் போகட்டும்.